திரையில் தெளிவாகத் தெரியும் உருவப்படம் அச்சில் ஏன் இருண்டு போகிறது?

கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்தும் நீங்கள், திரையில் தெளிவாக இருந்த உருவப்படம் போட்டிக்கான அச்சில் இருண்டு போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். திரை தானே ஒளியை உமிழ்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே பிரகாசம் மிகுந்த திரையில் படத்தைத் திருத்தும்போது, நம்மை அறியாமலே நிழற்பகுதிகளை அளவுக்கு மீறி இருட்டாக்கி விடுகிறோம்.

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடையும் பெரியவர் ஒருவரைத் திண்ணையோரக் காலை வெளிச்சத்தில் நான் எடுத்த படத்துக்கும் இதுவே நேர்ந்தது. ஆச்சா மரத்தூள் படிந்த அவருடைய முன்கை ரோமங்கள் திரையில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதல் அச்சில் அந்தக் கை வெறும் கருந்திட்டாக இருந்தது. திரையின் பிரகாசத்தைக் குறைத்து, அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்பதைக் கணினிக்குச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் கோப்பை வைத்துத் திரையில் சரிபார்த்து, நிழற்பகுதியைச் சற்றே வெளிச்சமாக்கி, கைப்பகுதியை மட்டும் சிறு துண்டுகளாக அச்சிட்டு, பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்கின்கீழ் ஒப்பிட்டேன். நான்காம் துண்டில்தான் மரத்தூள் திரும்பி வந்தது. முழுத்தாளை வீணாக்காத இந்தத் துண்டுச் சோதனையை நீங்கள் அவசியம் செய்ய வேண்டும்.

16 x 20 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 4800 x 6000 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமராவில் அங்குலத்துக்கு 250 பிக்சல் வரை கிடைக்கும், அதுவே போதும்.

கல்யாண ஆல்பத்துக்குச் செய்வதுபோல் தோலை வழுவழுப்பாக்காதீர்கள். முகத்தின் சுருக்கங்கள்தான் அந்த மனிதரைக் காட்டுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்தித் தாள் ஈரத்தை உறிஞ்சி வளையும் என்பதால், அச்சிடும் வரை அதை உறையிலிருந்து எடுக்க வேண்டாம்.