கேள்வி – பதில்: செனட்டரின் அட்டையில் இருப்பதும் இல்லாததும்

கேள்வி: சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன், முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். எங்கள் மாநில செனட்டர் மீண்டும் போட்டியிடுவதாகப் பளபளப்பான அட்டை ஒன்று தபாலில் வந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் குடும்பப் படமும் படிப்பும் தொழிலும். மறுபக்கத்தில் பள்ளிக்கல்வி, சொத்து வரி, பொதுப் பாதுகாப்பு என்று அவருடைய முன்னுரிமைகள். இதை வைத்து என்ன முடிவு செய்வது?
– ஒரு வாசகி, இல்லினாய்

பதில்: அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; அதே சமயம் அதை மட்டும் நம்பியும் வாக்களிக்காதீர்கள். முதலில், இவர் வாஷிங்டனில் அமரும் செனட்டர் அல்லர். உங்கள் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் கூடும் 59 பேர் கொண்ட மாநில செனட்டின் உறுப்பினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிப் பத்தாண்டுக்கு ஒரு முறை தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்படுவதால், இல்லினாயில் ஒரு செனட்டரின் பதவிக்காலம் சில சமயம் 4 ஆண்டுகள், சில சமயம் 2 ஆண்டுகள். ‘மறுதேர்தல்’ என்று அவர் சொன்னாலும், எல்லை மாறியதால் உங்கள் தெருவுக்கு அவர் புதியவராகவே இருக்கக்கூடும்.

நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே ஒரு மசோதாவுக்கு அவர் எப்படி வாக்களித்தார் என்று தேடிப் பார்ப்பதில் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் அப்படியொரு சட்டம் இல்லை. கட்சியின் நெருக்குதல் உண்டு, நன்கொடையாளர்களின் நெருக்குதலும் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வாக்கும் அந்த உறுப்பினரின் பெயரில் தனியாகப் பதிவாகிறது, அதற்கு அவரே பதில் சொல்லியாக வேண்டும். எனவே மறுதேர்தலுக்கு நிற்பவரிடம், புதிதாக நிற்பவரிடம் கேட்க முடியாத ஒரு கேள்வியை நீங்கள் கேட்கலாம்: முன்னுரிமை என்று அட்டையில் போட்டிருக்கிறீர்களே, இதுவரை அதற்காக என்ன செய்தீர்கள்?

விடை பெரும்பாலும் மூன்று இடங்களில் கிடைக்கும். அவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பது முதலாவது. கல்வியே உயிர் என்பவர் கல்விக் குழுவிலோ நிதி ஒதுக்கீட்டுக் குழுவிலோ இல்லையென்றால், அந்த ஆர்வம் செயலாக மாறும் வாய்ப்பு குறைவு. இரண்டாவது, அவர் எந்த மசோதாக்களுக்கு முதன்மை முன்மொழிவாளர் என்பது. இணை முன்மொழிவாளர்களின் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்வது எளிது. ஒரு மசோதாவைக் குழுவிலிருந்து நகர்த்தி, எதிர்ப்பாளர்களோடு பேசி, ஆளுநரின் கையெழுத்து வரை கொண்டுபோவது வேறு. மூன்றாவது, வாக்குப் பதிவுகள். மாநில சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைக் கொடுத்தால் யார் எப்படி வாக்களித்தார் என்பது வந்துவிடும்.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பராக் ஒபாமா 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில செனட்டராக இருந்தவர். 1996, 1998, 2002 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்றவர். சிகாகோவின் தென்பகுதியில் சமூக அமைப்பாளர், வழக்கறிஞர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டம் கற்பித்தவர் என்பது அவருடைய பின்னணி. ஆனால் 2003 தொடக்கம் வரை செனட்டில் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. சிறுபான்மைக் கட்சிக்காரரின் முன்னுரிமைகள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் அவற்றில் பல குழுவைத் தாண்டுவதில்லை. 2003இல் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றதும் அவர் சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் குழுவின் தலைவரானார். அதே ஆண்டில், கொலை வழக்குகளில் சந்தேக நபர்களைக் காவல்துறை விசாரிப்பதைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டத்தை, முதலில் எதிர்த்த காவல் அமைப்புகளோடு பேசிப் பேசி நிறைவேற்றினார். ஆள் அதே ஆள்தான்; அவையின் கணக்குதான் மாறியது. ஆகவே உங்கள் செனட்டர் பெரும்பான்மையில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிறுபான்மையில் இருப்பவரின் நிறைவேறாத மசோதாக்களைத் தோல்வி என்று எண்ணுவது நியாயமாகாது.

வாக்குப் பதிவைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இல்லினாய் அவையில் ஆதரவு, எதிர்ப்பு தவிர, ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்யும் மூன்றாவது வழியும் இருக்கிறது. ஒபாமா அதைச் சுமார் 130 முறை பயன்படுத்தியது 2008 அதிபர் தேர்தலில் பெரிய சர்ச்சையாயிற்று. மசோதா நிறைவேற வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் போதாது. 59 இடங்களில் 30 வாக்குகள் வேண்டும். அதனால் இந்த மூன்றாவது வாக்கின் விளைவு எதிர்ப்பு வாக்கின் விளைவேதான். கோழைத்தனமா, உத்தியா என்பதை மசோதாவுக்கு மசோதா பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: எங்கள் செனட்டர் வழக்கறிஞராகத் தொழிலும் நடத்துகிறார். மக்கள் பணியை முழுநேரமாகச் செய்ய வேண்டாமா?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: செய்யச் சொன்னால் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். டெக்சாஸ் செனட்டருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர். அவை நடக்கும் நாட்களுக்குத் தனிப் படி உண்டு. வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், அதிகபட்சம் 140 நாட்கள். நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் சேர்த்தே 200 டாலர்தான். மறுகோடியில் நியூயார்க் மாநிலம் 2023 முதல் ஆண்டுக்கு 1,42,000 டாலர் தருகிறது. சம்பளம் குறைந்த மாநிலங்களில் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் பண்ணை உரிமையாளர்களும் ஓய்வு பெற்றவர்களுமே அதிகமாகப் போட்டியிடுவதில் வியப்பில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் 140 நாள் விடுப்புக்கு எங்கே போவார்? இது அமைப்பின் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே தொழில் நடத்துவதைக் குற்றமாக எண்ண வேண்டாம். எந்தத் தொழில், எந்தக் குழு என்பதைப் பொருத்திப் பாருங்கள். காப்பீட்டுத் தொழில் செய்பவர் காப்பீட்டுக் குழுவில் இருந்தால், துறை அறிந்தவர் என்றும் சொல்லலாம், தன் கடைக்குத் தானே விதி எழுதுகிறார் என்றும் சொல்லலாம். அவர் தாக்கல் செய்துள்ள நிதி விவர அறிக்கையையும் நன்கொடையாளர் பட்டியலையும் பார்த்தால், எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது ஓரளவு விளங்கும்.

கேள்வி: சொத்து வரியைக் குறைப்பேன் என்று எங்கள் செனட்டர் ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார், வரி ஏறிக்கொண்டே போகிறது. அவரிடம் எச்1பி விசா பிரச்சினையையும் எழுப்பலாம் என்றிருக்கிறேன்.
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: இரண்டாவதை விட்டுவிடுங்கள், விசா முழுக்க வாஷிங்டனின் அதிகாரம். முதலாவதில் அவர் சொல்வது பாதி உண்மை. சொத்து வரியை விதிப்பவை நகராட்சி, கவுண்டி, பள்ளி மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்புகள். ஆனால் அவற்றுக்கான விதிகளை எழுதுவது மாநில சட்டமன்றம். உள்ளாட்சிகள் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று, சில விலக்குகளோடு, உங்கள் மாநிலம் 2010இல் வரம்பு கட்டியது அப்படித்தான். வரியில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. மாநிலத்தின் பள்ளி மானியம் குறைந்தால் அந்தச் சுமை வீட்டு உரிமையாளர் தலையில்தான் விழும். ‘வரியைக் குறைப்பீர்களா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்ற பதில் மட்டும் வரும். ‘எங்கள் பள்ளி மாவட்டத்துக்கான மாநில நிதி உங்கள் பதவிக்காலத்தில் கூடியதா, குறைந்ததா, அந்த பட்ஜெட்டுக்கு நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. மாநிலத் தேர்தலிலாவது வாக்களிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கலிஃபோர்னியா

பதில்: முடியாது. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்பார்கள். குடியுரிமை பெற்றவர் என்று கவனக்குறைவாகக் குறித்துவிட்டால்கூட நாடு கடத்தப்படும் அளவுக்குச் சிக்கல் வரலாம். ஆனால் செனட்டரின் தொகுதி அலுவலகத்துக்குச் செல்வதற்கும், குழுவின் பொது விசாரணையில் எழுந்து பேசுவதற்கும் குடியுரிமை தேவையில்லை. நிரந்தரக் குடியிருப்பாளர் தேர்தல் நன்கொடை அளிப்பதையும் நாட்டின் சட்டம் அனுமதிக்கிறது. 40 செனட்டர்களே உள்ள உங்கள் மாநிலத்தில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர். அந்த எண்ணிக்கையில் வாக்குரிமை இல்லாத நீங்களும் ஒருவர்.