ரயில்வே வேலை: சம்பளத்தை விட ஊர் முக்கியம்

கேள்வி: வயது 29. தனியார் நிறுவனத்தில் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. சேர்ந்து 4 வருடம் 5 மாதம் ஆகிறது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். போகலாமா?

பதில்: 35,400-ஐப் பார்த்து மலைக்காதீர்கள். 2025 ஜூலை கணக்கில் அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 20,532 ரூபாய். சென்னை போன்ற பெருநகரில் போட்டால் வீட்டு வாடகைப்படி 30 சதவீதம். போக்குவரத்துப்படியும் சேர்த்தால் மொத்தம் 72,240. அதே வேலைக்குச் சின்ன ஊர் ஸ்டேஷனில் வாடகைப்படி 10 சதவீதம், போக்குவரத்துப்படி பாதி, மொத்தம் 62,316. இதில் ஓய்வூதியப் பிடித்தம் 5,593 போனால், கைக்கு நீங்கள் இப்போது வாங்குவதை விடக் கொஞ்சம் குறைவுதான். குவார்ட்டர்ஸ் எடுத்தால் வாடகைப்படியும் நின்றுவிடும்.

ஸ்டேஷன் மாஸ்டர்களில் பலருக்குச் சின்ன ஸ்டேஷன்தான், இரவு ஷிப்டும் உண்டு. "பிறகு சொந்த ஊருக்கு மாறிக்கொள்ளலாம்" என்று நம்பிப் போகாதீர்கள். சொந்த விருப்பத்தில் வேறு மண்டலத்துக்கு மாறினால் பணிமூப்புப் பட்டியலில் கடைசி ஆளாவீர்கள்; பதவி உயர்வு தள்ளிப்போகும். எந்த மண்டலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வேலையின் பெரிய பலம் ஓய்வூதியம். ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 25 வருடம் முடித்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, அகவிலை நிவாரணத்தோடு வரும். உங்களுக்கு 60 வயது வரை 30 வருடம் இருக்கிறது, போதும். ஆனால் நடுவில் ராஜினாமா செய்தால் அந்த உத்தரவாதம் இல்லை. 25 வருடத்துக்குப் பின் விருப்ப ஓய்வில் போனாலும், 60 வயதில்தான் பணம் வரத் தொடங்கும். பத்து வருடத்தில் வேறு வேலைக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் தேசிய ஓய்வூதியத் திட்டமே நல்லது. அரசு 14 சதவீதம் போடும், கணக்கு உங்களோடு வரும். இந்த இரண்டு திட்டத்தில் எது வேண்டும் என்பதைச் சேர்ந்த 30 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் நீட்டும் தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போதே ராஜினாமா வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2 மருத்துவத் தகுதி தேவை: கண்ணாடி இல்லாமல் இரு கண்ணிலும் 6/9 பார்வை. கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் என்னும் லேசர் கண் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குத் தகுதியில்லை. மருத்துவச் சோதனை முடிந்து, பணி நியமன ஆணை கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு லாபமும் உண்டு: ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே கிராஜுவிட்டி (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் சுமார் மூன்று மாதம்தான் பாக்கி. பிஎஃப் பணத்தையும் ஐந்து வருடம் ஆகுமுன் எடுக்காதீர்கள், வரி பிடிப்பார்கள்.