பத்துப் புளியங்கொட்டைகளும் ஒரு கப்பலும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பேய்க் கப்பல், மாயமான கப்பல் என்று கைப்பேசியில் எதையெதையோ பார்த்துவிட்டு, இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. மறுநாள் மறுபடியும் அதையேதான் கேட்கிறான். விடை தெரியாத வரலாற்று மர்மங்களைச் சிறுவர்களுக்குச் சொல்லலாமா டீச்சர்? எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் சகோதரி. பயந்துகொண்டே திரும்பவும் கேட்கிறானே, அந்த ஆசையை அணைத்துவிடாதீர்கள். முப்பது வருடம் வரலாறு நடத்தியவளாக ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன்: பேயை விட்டுவிட்டு, நேரில் பார்த்தவர்கள் சொன்னதிலிருந்து தொடங்குங்கள். அதுவும் பகலில்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்திக்கு 'மேரி செலஸ்ட்' கப்பலைச் சொன்னேன். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கப்பல் வரைந்து, பத்துப் புளியங்கொட்டைகளை வைத்தோம். கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோஃபியா, மாலுமிகள் ஏழு பேர். சோஃபியாவுக்கென்று பேத்தியே பொடியாக ஒரு கொட்டையைத் தேடி எடுத்தாள். ஏழு வயது அண்ணன் ஆர்தரைப் படிப்புக்காகப் பாட்டியிடம் விட்டுப் போனார்கள் என்றேன். பதினோராவது கொட்டையைக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

1872 நவம்பர் 7 அன்று, 1,701 பீப்பாய் ஆல்கஹாலுடன் நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பட்ட கப்பல் அது. டிசம்பர் தொடக்கத்தில், அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்ததை 'டேய் கிராஷியா' என்ற கப்பலில் வந்தவர்கள் பார்த்தார்கள். ஏறிப் பார்த்தால், ஆறு மாதத்துக்குப் போதுமான உணவு அப்படியே இருக்கிறது. படகு இல்லை. கடலில் வழி பார்க்கும் கருவிகளும் இல்லை. அடித்தளத்தில் மூன்றரை அடித் தண்ணீர். பம்பு ஒன்று கழற்றிக் கிடக்கிறது. குறிப்பேட்டில் கடைசிப் பதிவு நவம்பர் 25.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். குழந்தை யோசிக்கட்டும். "கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால், அவர்களாகவேதானே இறங்கியிருக்கிறார்கள்?" என்றாள் பேத்தி. எனக்கு மெய்சிலிர்த்தது.

மேசையில் ஆறாத தேநீர் இருந்தது என்று உங்கள் மகன் சொல்வான். அது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் 1884-இல் இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் கப்பலின் பெயர் 'மாரி செலஸ்ட்' ஆயிற்று, படகுகளெல்லாம் கப்பலிலேயே இருந்தன. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, கண்டதை ஒரு பக்கமும் கட்டியதை மறுபக்கமும் அவனையே எழுதச் சொல்லுங்கள். கோடு போட்ட பிறகு பேய்க்கு எந்தப் பக்கம் இடம் என்று அவனுக்கே தெரியும்.

மீட்கப்பட்ட கப்பல் பிறகு ஜெனோவா போய்ச் சேர்ந்து, சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய்கள் காலியாக இருந்தன. கசிந்த ஆவியால் கப்பல் வெடித்துவிடுமோ என்று அஞ்சி, படகைக் கயிற்றால் கப்பலோடு பிணைத்துக்கொண்டு எல்லோரும் இறங்கியிருக்கலாம், கயிறு அறுந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். நான் அதை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். பேத்தி தீப்பெட்டிக்குள் பத்துக் கொட்டைகளையும் அடுக்கி, நூலால் கட்டி இழுத்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியைக் காட்டி, "ஆர்தரிடம் இதை யார் போய்ச் சொன்னது பாட்டி?" என்றாள். இத்தனை வருடத்தில் எந்த மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

உங்கள் மகன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.