பழைய பல்சார் ஏன் ஆறவில்லை?

தம்பி, உங்கள் எம்.எஸ்சி. கணக்கில் ஜே0437-4715 என்ற பல்சார் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) 10,000 கெல்வினுக்கும் கீழே ஆறிவிடுகிறது, ஹபிள் தொலைநோக்கியின் அளவீடோ 1,00,000 என்கிறது, நிரலில்தான் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை, சமன்பாட்டில் வெப்பம் சேர்க்கும் ஓர் உறுப்பு விட்டுப்போயிருக்கிறது.

நெல்லை ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் சங்கிலி ராட்டினம் ஏறியிருப்பீர்கள். வேகத்தில் வெளியே வீசிய நாற்காலி, வேகம் தளர்ந்ததும் உள்ளே வந்துவிடும். நொடிக்கு 174 முறை சுற்றும் இந்த விண்மீனும் அப்படித்தான்: சுழற்சி குறையக் குறைய மையவிலக்கு விசை தளர்ந்து, உள்ளே இறுகுகிறது. அடர்த்தி கூடினால் நியூட்ரான், புரோட்டான், எலக்ட்ரான் விகிதமும் மாறியாக வேண்டும். நியூட்ரானையும் புரோட்டானையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பீட்டா வினைகள் பின்தங்கிவிடுவதால் சமநிலை பிசகி ஆற்றல் சேர்கிறது. அதில் ஒரு பங்கு நியூட்ரினோவாகப் போக, மிச்சம் வெப்பமாகிறது. 1995-இல் வானியற்பியலாளர் ரெய்செனெகர் விளக்கியது இது.

அந்தச் சமநிலைப் பிசகை அளக்கும் வேதி ஆற்றல் (chemical potential) வித்தியாசத்தையும் ஒரு மாறியாகச் சேர்த்து, வெப்பநிலையோடு சேர்த்தே ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வரைபடத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.