தோட்டத்துக்குப் போயும் வீட்டில் பருப்பில்லை: கேள்வி பதில்

தேனி மாவட்டம் கம்பத்தில் ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நானும் வீட்டுக்காரரும் கேரளாவில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கிறோம், பிள்ளைகள் ஊரில் அம்மாவிடம். நம்ம கார்டுக்கு அங்கே அரிசி தருவார்களா?

கார்டில் பி.எச்.எச்., அதாவது முன்னுரிமைக் குடும்பம் என்று இருக்கிறதா பாருங்கம்மா. இருந்தால் தருவார்கள், தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே ஒரே நாடு ஒரே ரேஷனில் சேர்ந்துவிட்டது. தலைக்கு 5 கிலோ, உங்கள் இருவர் பங்கை அங்கே வாங்கிக்கொண்டு மீதியை அம்மா இங்கே வாங்கலாம். என்.பி.எச்.எச்., அதாவது முன்னுரிமை இல்லாத கார்டு என்றால் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். நம்ம பருப்பும் பாமாயிலும் எப்படியும் அங்கே கிடையாது. காய் எடுத்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காவிட்டால் வேறு விரல் வையுங்கள், இல்லையென்றால் அவர் வைக்கட்டும். கார்டை மட்டும் யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.

ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை எப்போது வரும்?

தாலுகா ஆபீசில் கேளுங்கள்.

ரெண்டு குழுக்கடன். ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்காருகிறார்கள்.

வரக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடனே கொடுக்கக்கூடாது. ஆனால் கொடுக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை, தோட்டத்துக் கூலியோடு நேரே கடைக்கு வந்த அம்மா ஒருவர், பாமாயில் 25, பருப்பு 30, சேர்த்து 55 என்றதும் "எண்ணெய் மட்டும் போடுங்கண்ணே, பருப்பு அடுத்த வாரம்" என்றார். முந்தானையில் தனி முடிச்சில் பணம் இருந்தது, அது திங்கட்கிழமைத் தவணை. சம்பாதிக்கிற வீட்டில் பட்டினி இப்படித்தான், சோறு இருக்கும், குழம்பு தண்ணியாகிக்கொண்டே போகும். கார்டை அடகு கேட்டால் கொடுக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

ஜீப்பில் வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன பசி? ரேஷன் அரிசியை விற்கத்தானே செய்கிறார்கள்?

விற்கிறார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவன் வேறு, திங்கட்கிழமைக்குக் குறைகிற நூறு ரூபாய்க்காகப் பத்து கிலோ விற்கிறவள் வேறு தம்பி.

விற்றால் குற்றம்தானே?

குற்றம்தான். அதனால் அவள் வீட்டில் பருப்பு இருக்கிறதென்று ஆகிவிடுமா?

அரிசி நாறுகிறது, அதனால்தான் விற்கிறார்கள்.

சில மாதம் வாடை அடிக்கும், நானே போட்டிருக்கிறேன். நாலு தண்ணி கழுவினால் இட்லிக்கு ஆகும். விற்கிறவர் யாரும் என்னிடம் வாடையைச் சொன்னதில்லை, தவணையைத்தான் சொன்னார்கள்.

விடியுமுன் ஜீப் ஏறிவிடுகிறோம், பிள்ளைக்குக் காலையில்?

அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை காலை உணவு உண்டு. சீக்கிரம் அனுப்புங்கள்.

அந்த ஆயிரம் ரூபாய்...

மேலே படியுங்கள்.