டிஜே மிக்ஸ் என்பது பாட்டுகளை வரிசையாகப் போடுவதுதானே?

கல்யாண வீட்டு சவுண்ட் சேர்விஸ்காரர் ஒரு பாட்டு முடிய அடுத்ததைப் போடுவார். அது வரிசை. மிக்ஸில் முதல் பாட்டு முடியுமுன்னே இரண்டாவது உள்ளே வந்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஆடுகிறவரின் கால் நிற்காது.

யாழ்ப்பாணத்தில் மினிபஸ் முழுதாக நிற்காமல் உருளும்போது எப்படி ஏறுவோம்? கூடவே அதே வேகத்தில் ஓடித்தான். (அம்மா பார்த்தால் ஏச்சு நிச்சயம்!) பாட்டும் அப்படித்தான். ஒன்று நிமிடத்துக்கு 124 தாள அடி, மற்றது 128 என்றால் ஏழெட்டு விநாடியிலேயே அரை அடி விலகிவிடும். கேட்க இரண்டு தவில்காரர் சண்டை பிடிப்பது போல இருக்கும். அதனால் ஒன்றின் வேகத்தைச் சுமார் 3 சதவீதம் மாற்றிச் சமப்படுத்துவார்கள். பேஸ் என்ற அடித்தள ஒலியை ஒரு பாட்டில் குறைத்துத்தான் மற்றதில் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் இரைச்சல்தான்.

1980களில் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்த ஹவுஸ், டெட்ராய்டில் பிறந்த டெக்னோ என்ற இரண்டு நடன இசை வகைகளும் இதற்கு வசதியானவை: சீரான நாலடித் தாளம், தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும். வானொலியில் வராத பாட்டுகள் நிறைய இருப்பதால், வீட்டில் மடிக்கணினியில் செய்த மிக்ஸைப் பகிர்வதே ஆர்வலர்களுக்குள் அறிமுகம். பாட்டுப் பட்டியலையும் சேர்த்துப் போடுவது நல்ல பழக்கம். மறைத்து வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

அப்புறம், பலர் குழம்புவது இது: மிக்ஸ் வேறு, ரீமிக்ஸ் வேறு. ரீமிக்ஸில் ஒரே பாட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவார்கள்.