‘கரீன்’: சாய்வதா, பாய்வதா?

தங்கச்சி, பஸ் வளைவில் ‘கரீன்’ (careen) ஆனது என்று ஆங்கிலப் பாடத்தில் இருக்கிறது, அகராதியோ கப்பலைச் சரிப்பது என்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான்.

லத்தீனில் ‘கரினா’ என்றால் கப்பலின் ஏரா, அதாவது அடிமரம். அது பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. நீங்களும் திருகோணமலைதானே, ஒருநாள் காலையில் டச்சுபே கரைக்குப் போய்ப் பாருங்கள். வள்ளத்தை நாலு பேர் மணலில் ஒருக்களித்துப் போட்டு, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் கரகரவென்று சுரண்டுவார்கள். அந்தக் காலத்தில் பெரிய பாய்க்கப்பல்களையே இப்படித்தான் சரித்துத் துப்புரவாக்கினார்கள். அதுதான் முதல் பொருள்.

அப்புறம் காற்றில் கப்பல் ஒரு பக்கம் சாய்வதற்கும் அதே சொல் வந்தது. பஸ் சாய்ந்தபடி பாய்வது அதற்கும் பிந்தியது. தறிகெட்டு ஓடுவதைச் சொல்ல ‘கரியர்’ (career) என்று வேறொரு வினைச்சொல் உண்டு. தொழிலைக் குறிக்கும் சொல்லின் அதே எழுத்துகள்தான். ஓசை ஒத்திருப்பதால் அமெரிக்கர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். பரீட்சையில் சாய்வு இருந்தால் ‘கரீன்’, வெறும் வேகம் என்றால் ‘கரியர்’ என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் பிரித்து எழுதுகிறேன்.